புள்ளி டீச்சருக்கு ஒரு வரி

என் மனைவிக்கு அவள் அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவள் புள்ளி டீச்சர். மளிகைக் கடைக்காரருக்கு, பஸ் கண்டக்டருக்கு, எதிர்வீட்டு வக்கீலுக்கு, எல்லாருக்கும் அப்படித்தான். கட்டிக்கொண்ட பாவத்துக்கு நான் புள்ளி டீச்சர் வீட்டுக்காரர். காலம் காலமாக இந்த ஊரில் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறேன், யார் வீட்டு மணியை அடித்தாலும் உள்ளேயிருந்து "டீச்சர் வீட்டுக்காரர் வந்துட்டாரு, ஃப்ரிட்ஜ்ல இருக்கறத எல்லாம் வெளிய எடு" என்றுதான் சத்தம் வரும். எனக்கும் ஒரு பெயர் இருந்ததாக ஞாபகம்.

அவள் பள்ளியில் மொழிப்பாடம் நடத்த நாலைந்து பேர் இருந்தார்கள். செய்யுள் நடத்துகிறவருக்கு ஒரு மதிப்பு, கட்டுரை நடத்துகிறவருக்கு ஒரு மதிப்பு. நிறுத்தற்குறி என்றால் பரீட்சையில் ரெண்டு மார்க் சமாசாரம், யார் அதற்காகத் தொண்டையைக் காயவைப்பார்கள்? புதிதாக வந்தவள்தானே, வாயைத் திறக்கமாட்டாள் என்று அதைக் கொண்டுபோய் இவள் தலையில் கட்டினார்கள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச வருடத்தில், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரத்துக்கு ஒரு மணி நேரம் புள்ளி வகுப்பு என்று தலைமையாசிரியை அட்டவணையிலேயே போட்டுவிட்டார். தலையில் கட்டியவர்கள் அதற்குப் பிறகு பொறாமைப்பட்டதுதான் வேடிக்கை.

சின்ன வகுப்பென்றால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். ஒரு பிள்ளை பாடத்தைச் சத்தமாக வாசிக்கும். காற்புள்ளி வந்தால் மொத்த வகுப்பும் மூச்சை உள்ளே இழுக்கும். முற்றுப்புள்ளி வந்தால் தொப்பென்று உட்காரும். கேள்விக்குறிக்குப் புருவத்தைத் தூக்க வேண்டும். கீழ்மாடியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த வாத்தியார் கூரை இடிகிறது என்று பயந்து பிள்ளைகளோடு மைதானத்துக்கு ஓடிய கதையெல்லாம் உண்டு. புள்ளி இல்லாமல் நாலு வரிக்குக் கட்டுரை எழுதிய பயலை அவள் அதை ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்வாள். முகம் சிவந்து, கண் பிதுங்கி, "டீச்சர், செத்துடுவேன் டீச்சர்" என்று அவன் கதறும்போது, "அப்ப படிக்கறவன் மட்டும் சாகலாமா?" என்பாள்.

பெரிய வகுப்புக்கு வேறு வைத்தியம். எங்கேயாவது காதில் விழுந்த சண்டையைப் புள்ளியே இல்லாமல் கரும்பலகையில் எழுதிப் போடுவாள். யார் எங்கே பேசினார்கள், யார் எங்கே குறுக்கே விழுந்தார்கள், எங்கே கேட்டார்கள், எங்கே கத்தினார்கள் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துக் குறி போட வேண்டும். பஸ்ஸில் நடந்த சண்டை, காய்கறிக் கடைச் சண்டை என்று ஆரம்பித்தவள், கைக்கெட்டிய தூரத்தில் சரக்கு இருக்கும்போது வெளியே எதற்கு அலைய வேண்டும் என்று எங்கள் வீட்டுச் சண்டைக்கு வந்துவிட்டாள். ஒரு வீட்டில் நான் கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், பதினொன்றாவது படிக்கிற பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்று, "அங்கிள், குளிச்சிட்டு துண்டு துண்டுன்னு கத்தறது நீங்கதானே?" என்கிறாள். எனக்கு அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளேயே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து குதித்தேன். "உங்க சண்டைல ஆச்சரியக்குறி நிறைய வருது, பிள்ளைங்களுக்கு நல்ல பயிற்சி" என்றாள் அமைதியாக.

இவளுக்கு ஏன் இந்தப் புள்ளிப் பைத்தியம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். கல்யாணம் பேசப் போன அன்று பெரியவர்கள் எங்களைத் தனியாக விட்டுவிட்டு நகர்ந்ததும், அவள் என்னிடம் முதலில் சொன்னதே அதைத்தான். "எனக்கு திக்கும். அவசரப்படுத்தாதீங்க." அவ்வளவுதான். மற்றதை அவள் சொல்லி முடிக்க நேரம் ஆனது, நான் அவசரப்படுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டு நிற்பாளாம். வகுப்பே சிரிக்குமாம். எங்கே நிற்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நாக்கு அதுவரைக்கும் முரண்டு பிடிக்காமல் வருகிறது என்பதை அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அதிலிருந்து புத்தகம் கையில் வந்தால் முதலில் பென்சிலால் தனக்கு மூச்சு வேண்டிய இடமெல்லாம் குறி போட்டுவிடுவாள். அப்புறம்தான் வாசிப்பு.

அந்தப் பழக்கம் விடவே இல்லை. செய்தித்தாள், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, மாத்திரை டப்பா, எதுவானாலும் கையில் பென்சில் இருக்கும். புள்ளி வைப்பாள், பிறகு உதடு அசையப் படிப்பாள். திக்குவது எப்போதோ நின்றுபோனது, பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் படிப்பது என்றாலே அவளுக்குப் புள்ளி வைப்பதுதான். மற்றவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பது போல அவள் இதைச் செய்தாள். இது புரியாதவர்களுக்கு அவள் எதைப் பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிறவளாகத் தெரிவாள்.

எங்களுக்கு ஒரே மகள். காத்துக் காத்து, இனி இல்லை என்று டாக்டரே கையை விரித்த பிறகு வந்து பிறந்தவள். எழுதப் படிக்கத் தெரிந்த புதிதில், அம்மாவின் பிறந்தநாளைக்கு யார் உதவியும் இல்லாமல் ஒரு வாழ்த்து அட்டை செய்தாள். முன்பக்கம் அம்மா படம், அம்மா கையில் ஒரு குச்சி. உள்ளே நாலு வரி. டீச்சர் வாங்கினாள், கண் கலங்கினாள், கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். எல்லாம் சரி. பிறகு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மேசைக்கே திரும்பினாள், கையில் சிவப்புப் பேனா இருந்தது. பழகின கை சும்மா இருக்குமா? காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் போட்டு, ஓரத்தில் பத்துக்கு ஏழு, கீழே 'நல்ல முயற்சி' என்றும் எழுதிவிட்டாள். சொந்தக்காரர் வீடெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மகளும் சேர்ந்துதான் சிரித்தாள். அடுத்த வருட அட்டையில் படம் மட்டும் இருந்தது, எழுத்து இல்லை. அது வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். என் மகள் அந்தப் பழமொழிக்கு எதிரி. அம்மாவின் வகுப்பிலேயே உட்கார்ந்து அம்மாவே குறை சொல்ல முடியாதபடி எழுதினாள். ஆனால் அது விடைத்தாளில். வளர்ந்து, வேலைக்குப் போய், அவளே பார்த்துப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் கடல் தாண்டிப் போய்க் குடித்தனம் வைத்த பிறகு, எனக்கு நாள் தவறாமல் எழுதுவாள். போனில்தான். ஒரு பக்கத்துக்கு வரும், ஒரு புள்ளி இருக்காது. காலையில் பால் பொங்கி வழிந்தது, மேலதிகாரி முறைத்தான், இவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை, பேசிவிட்டோம், மழை, எல்லாம் ஒரே வாக்கியம். "ஏன் பாப்பா, ஒரு புள்ளி வச்சா உன் சொத்து குறைஞ்சிடுமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "உங்களுக்கு எழுதறப்பதான்பா செருப்ப கழட்டிட்டு நடக்கற மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது.

அம்மாவுக்கு எழுதமாட்டாள். சண்டை ஒன்றும் கிடையாது, அதுதான் கொடுமை. சண்டை என்றால் சமாதானம் செய்யலாம். வாரத்துக்கு ஒருமுறை முகம் பார்த்துப் பேசுவாள். "சாப்டியாம்மா?" "சாப்டேன். நீ சாப்டியா?" "சாப்டேன்மா. மாத்திர போட்டியா?" "போட்டேன்." "சரி, அப்பாகிட்ட குடு." டீச்சர் எதையாவது எழுதி அனுப்பினால் பதிலுக்கு ஒரு பூ வரும். கும்பிடுகிற கை வரும். கட்டை விரல் வரும். எழுத்து என்று ஒன்று வராது.

சாயங்காலம் நான் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் பக்கத்தில் வந்து உட்காருவாள். "என்ன எழுதியிருக்கா? படிங்க." நான் தட்டுத் தடுமாறி வாசிப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பால் பொங்கியதற்குச் சிரிப்பாள், மேலதிகாரியைத் திட்டுவாள். முடிந்ததும், "இன்னும் இருக்கா?" என்பாள். இல்லை என்றால் முகம் வாடிப்போகும்.

ஒருநாள் சொல்லியேவிட்டாள். "எனக்கு ஒரு வரி எழுதினா என்னங்க அவளுக்கு? திட்டியாவது எழுதட்டுமே."

"அதான் போன்ல பேசறாளே."

"அது பேச்சா? சாப்டியா, சாப்டேன். ஹோட்டல்ல சர்வர்கூட இத விட அதிகமா பேசுவாரு. உங்களுக்கு வர்றதுல அவ இருக்கா. எனக்கு வர்றதுல பூதான் இருக்கு. எனக்கு அவ வேணுங்க." சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கு ஏங்குவதை அதுவரை நான் பிள்ளை தூர தேசத்தில் இருப்பதால் வருகிற சமாசாரம் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு அந்த ஏக்கம் என் சட்டைப் பையில் இருந்த போனிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு டீச்சர் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை. வகுப்பில் புதிதாக ஒன்று ஆரம்பித்தாள். வாரம் ஒரு பக்கம், எதை வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். டீச்சர் படிப்பார், திருத்தமாட்டார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒரு பயல் பக்கம் முழுக்க 'பசிக்குது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தான், அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டில் அவற்றைப் படிக்கும்போது வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். தலைமையாசிரியை கூப்பிட்டு, "புள்ளி இல்லாம ஒரு புள்ளி வகுப்பா டீச்சர்?" என்று கேட்டாராம். "மொதல்ல பயமில்லாம எழுதட்டும் மேடம். புள்ளி எங்க ஓடிடப் போகுது?" என்றாளாம் இவள். மகளிடமும் போனில் சொன்னாள், "இப்பல்லாம் நான் யாரோடதையும் திருத்தறதில்லடி." யாருக்காகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். "அப்படியா, நல்லதும்மா" என்றாள் மகள். மறுநாள் ஒரு கட்டை விரல் வந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும். கடையில் ஒரு ஃப்ரிட்ஜைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கக் குழாயில் ஓட்டை எங்கே என்று சோப்பு நுரை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் டீச்சர் நிற்கிறாள். என் கடைக்கு அவள் வருவதே கிடையாது, எண்ணெய் வாடை ஆகாது. கைப்பை இல்லை, குடை இல்லை, வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். "என்ன ஆச்சு?" என்றேன். வாயைத் திறந்தாள். உதடு நடுங்கியது, முதல் எழுத்து தொண்டையிலேயே நின்றது. கல்யாணம் பேசப் போன நாளுக்குப் பிறகு அவள் இப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவள் போனை என் முன்னால் நீட்டினாள்.

மகள் எழுதியிருந்தாள். அம்மாவுக்கு.

'அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் அப்பாகிட்ட சொல்லாத அப்பா தாங்க மாட்டார் எனக்கு நாள் தள்ளிப் போயிருந்துச்சு மூணு மாசம் முடியட்டும் அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன் முந்தாநாள் வலி வந்துச்சு ஆஸ்பத்திரிக்கு போனோம் துடிப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க நான் மறுபடி பாருங்கன்னு சொன்னேன் மறுபடி பாத்தாங்க இல்ல அம்மா நான் ஒரு சின்ன சட்ட வாங்கி வச்சிட்டேன் மஞ்ச கலர் அவருக்குகூட தெரியாது இப்ப அத என்ன பண்றது அம்மா நீ என்ன பெத்தப்ப பயந்தியா'

நான் கீழே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கையெல்லாம் சோப்பு நுரை. என் பிள்ளை ஒரு பிள்ளையைச் சுமந்ததும் தெரியாது, இழந்ததும் தெரியாது. எனக்கு எழுதவில்லை, தாங்கமாட்டேனாம். இப்படி ஒன்றை எழுத அவளுக்கு அம்மாதான் வேண்டியிருந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், கீழே இன்னொன்று இருந்தது. டீச்சர் அனுப்பியது.

அதே எழுத்து. மகள் எழுதிய அதே வரிகள், ஒரு சொல் விடாமல். குளிப்பாட்டித் தலை சீவி நிறுத்திய பிள்ளை மாதிரி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் வைத்து. அதற்குக் கீழே வேறு ஒரு வார்த்தை இல்லை. மகள் அதைப் பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக நீலக் கோடு ரெண்டு விழுந்திருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? "அடிப் பாவி!" என்று கத்தினேன். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எழவு வீட்டுக்கும் சிவப்புப் பேனாவோடதான் போவியா நீ? எத்தன வருஷமா ஏங்கின, ஒரு வரி வராதான்னு? வந்துச்சு. அதுக்கும் மார்க் போட்டுட்டியா? பத்துக்கு எவ்வளவு?" இன்னும் என்னென்னவோ சொன்னேன், எல்லாம் எழுதக்கூடியதில்லை. அவளால் பேச முடியவில்லை. ஸ்பேனர் மாட்டுகிற பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகளைக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. என் போனிலிருந்து கூப்பிட்டேன், அதையும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை போனுக்கு அடித்தேன், அவர் எடுத்தார். நல்ல பையன், குரலே உள்ளே போயிருந்தது. "உடம்புக்கு ஒண்ணும் இல்ல மாமா. டாக்டர் ரெஸ்ட் எடுக்க சொல்லிருக்காங்க. அத்தைக்கு எழுதிட்டு பதில் வருமான்னு போனையே பாத்துட்டு இருந்தா. வந்துச்சு. படிச்சா. போன கவுத்து வச்சிட்டு சுவர் பக்கம் திரும்பி படுத்துட்டா. என்ன எழுதினாங்க அத்த?" "ஒண்ணும் இல்ல மாப்ள, கைதவறி ஏதோ போயிடுச்சு" என்றேன்.

ராத்திரியெல்லாம் அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை, பேசிக்கொள்ளவும் இல்லை. விடிந்து காப்பி டம்ளரை என் முன்னால் வைத்தபோதுதான் அவளுக்கு வார்த்தை வந்தது. ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நின்று நின்று.

"நான் திருத்தலீங்க."

"பின்ன?"

"படிச்சேன். ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து படிச்சேன். மூணு தடவ படிச்சும் உள்ள போகல. துடிப்பு இல்லன்னு இருக்கு, மறுபடி பாத்தாங்கன்னு இருக்கு, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுது. அவ எங்க மூச்சு விட்டா, எங்க அழுதான்னு எனக்கு தெரியல. தெரியணும்னு இருந்துச்சு. பென்சில் வைக்க அதுல இடம் இல்லையே. அப்படியே எடுத்து கீழ பதில் எழுதற பெட்டில ஒட்டி, ஒவ்வொரு புள்ளியா வச்சு படிச்சேன். அப்பதான் அவ குரல் கேட்டுச்சு. சத்தியமா கேட்டுச்சுங்க. கடைசி வரிக்கு வரப்ப பெல் அடிச்சுது. தூக்கிவாரிப் போட்டுது. கை பட்டு போயிடுச்சு. அழிக்கலாம்னு பாக்கறதுக்குள்ள அவ பாத்துட்டா."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். மாத்திரை டப்பாவுக்கே புள்ளி வைத்துப் படிக்கிறவள். நேற்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"இத என்கிட்ட ஏன் சொல்ற? அவகிட்ட சொல்லு."

"எழுதினேங்க. எழுதி எழுதி அழிச்சேன். நான் எத எழுதினாலும் அதுவும் புள்ளியோடதான் வருது. பாத்தா எனக்கே பிடிக்கல."

அன்றைக்கு அவள் பள்ளிக்குப் போகவில்லை. அவள் லீவு போட்டு நான் பார்த்ததில்லை, ஜுரத்திலும் போகிறவள். நானும் கடையைத் திறக்கவில்லை. மத்தியானம் வரை வீட்டுக்குள் அறை அறையாக நடந்தாள். மகளின் அறையில், இப்போது துணி காயப்போடுகிற அறை அது, கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். போனில் எழுதாமல் குரலைப் பதிந்து அனுப்புவதை அவள் எப்போதும் கிண்டல் செய்வாள், எழுதச் சோம்பேறித்தனம் என்பாள். அந்தப் பொத்தானை எப்படி அழுத்துவது என்று என்னிடம் கேட்டாள். காட்டிக் கொடுத்தேன். "நீங்க வெளிய இருங்க" என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். போகச் சொன்னாளே தவிர கேட்காதே என்று சொல்லவில்லை.

வாசித்தாள். மகள் எழுதியதை வாசித்தாள். விளக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை, முதலில் 'அம்மா' என்று மகள் கூப்பிட்ட இடத்திலிருந்து. எத்தனையோ பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய குரல்தான், ஆனால் நான் கேட்காத குரல். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் மெதுவானாள். 'துடிப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க' என்று சொல்லிவிட்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அந்த ஆஸ்பத்திரி அறையில், படுக்கையில் என் மகள் படுத்திருந்தது எனக்குக் கண்ணில் தெரிந்தது. நேற்று கடையில் நானும்தான் படித்தேன், எனக்கு இது தெரியவில்லை. 'மறுபடி பாருங்கன்னு சொன்னேன்' என்பதை அவள் சொன்னபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சட்டையைப் பற்றிச் சொல்லும்போது அவளுக்கும் அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே வாசித்தாள். கடைசிக் கேள்வியை வாசித்தாள். முடித்துவிட்டாள். கதவைத் திறந்து போனை என்னிடம் கொடுத்து, "போயிடுச்சா பாருங்க" என்றாள்.

போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் நீலக் கோடு விழுந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. சமையலறையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து நடுவில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல ஃப்ரிட்ஜ் ஒன்று ஓடி நிற்கும், மறுபடி ஓடும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் அன்றைக்கு எத்தனை முறை ஓடி நின்றது என்று எனக்குத் தெரியாது, ஒவ்வொரு முறையும் போன்தான் அதிர்கிறது என்று அவள் கையை நீட்டினாள். சாயங்காலம் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளியிலிருந்து திரும்புகிற சத்தம் தெருவில் கேட்டது. அப்போதுதான் வந்தது.

பூ இல்லை. கட்டை விரல் இல்லை. எழுத்து.

'நீ வாசிச்சத நாலு தடவ கேட்டேன் அம்மா நான் எழுதினப்பகூட இப்படி அழல ஆனா நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலியே'

டீச்சர் அதைப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் பென்சில் இருந்தது, அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "கேள்வி கேட்டிருந்தாளே" என்றாள் மெல்ல, யாரிடமோ சொல்வது போல. "கேள்விக்குறி வச்சேன். பதில் சொல்லலியே நான்." எழுந்து நின்றாள், போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அவள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"பயந்தேன்டி," என்றாள் டீச்சர். "வயித்துல இருந்தப்ப தைரியமாதான் இருந்தேன். வெளிய வந்தப்பறம்தான் பயம். உன்ன என் கைல குடுத்தாங்க. தலைய எப்படி தாங்கறதுன்னு தெரியல. நர்ஸ் திட்டினாங்க, இப்படியா புடிப்பாங்கன்னு. அன்னிக்கு பிடிச்ச பயம். உன்ன சரியா பிடிச்சிருக்கேனா, சரியா பிடிச்சிருக்கேனான்னு இன்னி வரைக்கும் தெரியலடி எனக்கு." நடுவில் ரெண்டு இடத்தில் திக்கியது. அவள் மறைக்கவில்லை.

அந்தப் பக்கம் என் மகள் அழுத சத்தம் சமையலறை முழுக்கக் கேட்டது. சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட அவள் அப்படி வாய்விட்டு அழுததில்லை, அடக்கிக்கொள்கிற பிள்ளை. டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்ததும் மகளின் குரல் வந்தது.

"அம்மா, இங்க வரியா?"

டீச்சர் என்னைப் பார்த்தாள். அவள் தலையாட்டுவது போனில் யாருக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான்தான் குனிந்து, "வராம்மா, அம்மா வரா" என்று மகளிடம் சொன்னேன்.